சூடும் பொழுதும்: இல்லத்து உணவின் வரலாறு

'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்பது தமிழ்ப் பழமொழி. 'ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கக் கூடாதா?' என்பதும் தமிழ்ப் பழமொழியே. முன்னது, ஆறிய உணவு தன் மதிப்பை இழந்தது என்கிறது. பின்னது, ஆறும் வரை காத்திருப்பதே உண்பவனுக்கு அழகு என்கிறது. ஒரே மக்கள் ஒரே அடுப்படியில் இருந்துகொண்டு இவ்விரண்டையும் சொல்லியிருக்கின்றனர். ஆதலால், உணவு சூடாக இருந்தால்தான் அது முறையான உணவா என்னும் வினா இன்று எழுந்ததன்று. நெடுங்காலமாக இல்லங்களில் விடை தேடி நிற்பது.

சமண இல்லங்களில் இவ்வினா இக்காலத்தில் புதிய கூர்மை பெற்றுள்ளது. கதிரவன் மறைந்தபின் உண்ணாமை இந்த இல்லறத்தின் தொன்மையான ஒழுக்கம். சென்னையில் ஆண்டு முழுவதும் கதிரவன் மாலை ஐந்தரை மணிக்குப் பின்னும் ஆறே முக்கால் மணிக்கு முன்னும் மறைந்துவிடுகிறான். அலுவலகம் செல்வோர் அந்நேரத்தில் வீடு திரும்புவது அரிது. எனவே நோன்பைக் காக்க விரும்பும் மகன், காலையில் தாய் கட்டிக் கொடுத்த உணவை மாலையில் அலுவலக மேசையிலேயே உண்டு முடிக்கிறான். 'சூடில்லாத சோறு ஒரு சாப்பாடா?' என்று தாயின் மனம் வருந்துகிறது. 'வீட்டுக்கு வந்து சுடச்சுட உண்பதே குடும்பத்துக்கு அழகு' என்று உறவினர் கூறுகின்றனர். சூட்டைக் காத்தால் பொழுது தவறுகிறது. பொழுதைக் காத்தால் சூடு தவறுகிறது. இவ்விரண்டில் எது உணவின் உயிர் என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்பது பயன் தரும்.

நூல்கள் கூறுவன

சூட்டை ஆதரிக்கும் தரப்பை முதலில் கேட்பதே முறை. ஆயுர்வேத மூல நூல்களுள் ஒன்றான சரக சம்ஹிதை, விமானத்தானம் என்னும் பகுதியில் உண்ணும் முறைகளை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் முதலில் நிற்பது, உணவைச் சூடாக உண்ண வேண்டும் என்னும் விதி. சூடான உணவு சுவை தருவது, வயிற்றுத் தீயைத் தூண்டுவது, விரைவில் செரிப்பது என்று அந்நூல் காரணமும் காட்டுகிறது. ஆகவே சுடுசோற்றை விரும்புவோர் வெறும் நாவின் விருப்பத்தை மட்டும் பேசவில்லை. மருத்துவ மரபொன்று அவர்கள் பக்கம் நிற்கிறது.

பகவத்கீதையின் பதினேழாம் இயல் உணவை மூவகையாகப் பிரிக்கிறது. அங்கே தாமச உணவு என இழித்துரைக்கப்படுவது, சமைத்து ஒரு யாமம் கடந்த உணவும் இரவு வைத்திருந்த உணவும் ஆகும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்நூல் கைக்குச் சுடுகிறதா என்று கேட்கவில்லை. சமைத்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்றே கேட்கிறது. அளவுகோல் அடுப்பிலிருந்து நாழிகைக்கு மாறிவிடுகிறது.

தமிழ் நூல்களுக்கு வந்தால், திருக்குறளின் மருந்து அதிகாரம் உணவைப் பற்றிய முழுமையான சிந்தனை எனலாம். முன் உண்டது செரித்ததை அறிந்து உண்க, அளவறிந்து உண்க, நன்கு பசித்த பின் உண்க, உடலுக்கு மாறுபடாததை உண்க என்று வள்ளுவர் வகுக்கிறார். அவ்வதிகாரத்தில் தீ என்னும் சொல் ஓரிடத்தில் வருகிறது. ஆனால் அது அடுப்புத் தீயன்று, வயிற்றுத் தீ. உணவின் சூட்டைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

மக்கட்பேறு அதிகாரத்தில் அவர் காட்டும் உணவு இன்னும் தெளிவானது. தம் மக்களின் சிறு கை அளாவிய கூழ் அமிழ்தைக் காட்டிலும் இனியது என்கிறார். குழந்தை கையிட்டு அளாவும் கூழ் கொதிக்கும் கூழாக இருக்க இயலாது. கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய கூழாகவே இருந்திருத்தல் வேண்டும். தமிழ் இலக்கியம் குடும்ப உணவுக்குக் காட்டிய மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஓர் ஆறிய கூழ் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய புறநானூற்றுப் பாடலிலும் நெய்ச்சோற்றைக் கையால் துழாவி மேலெல்லாம் சிதறும் குழந்தையே இல்லத்து உணவுக்கு நிறைவு தருகிறது.

ஆசாரக்கோவை உண்ணும் ஒழுக்கத்தை விரித்துரைக்கும் நூல். விருந்தினர், முதியோர், பசு, பறவை, பிள்ளைகள் ஆகியோருக்கு உணவளித்த பின்னரே உண்ண வேண்டும் என்பது அதன் கட்டளை. இத்தனை பேருக்கும் அளித்துவிட்டு உண்ண அமரும் இல்லறத்தாரின் சோறு எவ்வளவு சூடாக இருந்திருக்கும்? பகுத்துண்ணும் அறம் ஓங்கிய இல்லத்தில் தலைவனும் தலைவியும் ஆறிய உணவையே உண்டனர் என்று கொள்வதில் பிழையில்லை.

அடுப்பும் விறகும்

நூல்களை விட்டு ஊர்களுக்கு வந்தால் வேறொரு செய்தி புலப்படும். மூன்று வேளையும் சூடான உணவு என்பது தமிழகத்தின் பெரும்பான்மை மக்களுக்கு அண்மைக் காலத்தில் வாய்த்த ஒன்று.

விறகு, சுள்ளி, வறட்டி, உமி ஆகியவற்றால் எரிந்த அடுப்பு எளிதில் மூட்டக்கூடியதன்று. விறகு பொறுக்குவதற்கே பெண்கள் பல நாழிகை செலவிட வேண்டியிருந்தது. உழவர் இல்லங்கள் பலவற்றில் வயல் வேலை முடிந்து திரும்பிய மாலையில்தான் சோறு வடிக்கப்பட்டது. அந்த ஒருவேளையே சுடுசோறு. மிஞ்சியதில் நீரூற்றி வைத்தால் மறுநாள் காலையில் அது பழையது. அதன் நீர் நீராகாரம். நண்பகலில் வயலுக்குச் செல்வது கஞ்சி அல்லது கூழ். இவ்வகையில் ஒரு நாளின் உணவில் பெரும்பகுதி ஆறியதாகவே இருந்தது. அதை எவரும் குறையுணவு என்று கருதவில்லை; அந்த உணவின் வலிமையில்தான் நாற்று நடப்பட்டது, ஏர் ஓட்டப்பட்டது.

பழஞ்சோற்றின் தொன்மைக்குச் சங்க இலக்கியமே சான்று. பெரும்பாணாற்றுப்படையில் உழவர் வீட்டுச் சிறுவர் பழஞ்சோற்றை உண்டு சலித்து, புதிய நெல்லை இடித்து அவல் உண்ண விரும்பும் காட்சி வருகிறது. தினமும் பழையது உண்ட பிள்ளைகளுக்கு அன்றும் சலிப்பு இருந்தது! ஆறிய உணவே மேலானது என்று முன்னோர் கொண்டாடியதாகவும் கருதிவிடக் கூடாது என்பதற்கு இப்பகுதி நல்ல எச்சரிக்கை. அது தேவையால் வந்த உணவு. பழக்கத்தால் இனிமை பெற்ற உணவு.

எனினும் தேவையின்றி, விருப்பத்தால் ஆறிய உணவை நாடிய தருணங்களும் உண்டு. ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் குடும்பம் முழுவதும் கூடி உண்பது புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு ஆகிய சித்திரான்னங்களையே. காலையில் சமைத்துக் கட்டிச் சென்ற அந்தக் கட்டுச்சோற்றில் நண்பகலில் சூடு இராது. ஆயினும் ஆண்டில் மிகவும் நினைவில் நிற்கும் குடும்ப உணவு அதுவே. வழிச்செல்வோர்க்குத் தமிழில் பொதிசோறு என்னும் தனிச்சொல்லே வழங்கியது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் இந்து இல்லங்கள் பலவற்றில் சீதளா தேவியின் நாளன்று அடுப்பே மூட்டுவதில்லை. முதல் நாள் சமைத்ததை அனைவரும் சேர்ந்து உண்பதே அன்றைய வழிபாடு.

சமண ஆசாரத்தின் அளவுகோல்

இந்தப் பின்னணியில் சமண ஆசாரம் காட்டும் வழி தனித்தன்மை உடையது. அது சுடுசோற்றின் பக்கமும் முழுமையாக நிற்கவில்லை. பழஞ்சோற்றின் பக்கமும் நிற்கவில்லை.

நீரில் ஊறி இரவைக் கடந்த சோறு சமண ஒழுக்கத்தில் விலக்கப்பட்டது. சுவை திரிந்த உணவு 'சலித ரசம்' எனப்படும். ஈரமுள்ள உணவு நேரம் கடக்கக் கடக்க நுண்ணுயிர்கள் தோன்றும் இடமாகிறது. அதை உண்பது அவ்வுயிர்களுக்கு ஊறு செய்வதாகும் என்பது காரணம். எனவேதான் ஒவ்வொரு பொருளுக்கும் கால எல்லை வகுக்கப்பட்டது. திகம்பர மரபில் அரைத்த மாவுக்கு மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் என்று எல்லை கூறுவர். சோறு, பருப்பு போன்ற நீர்ப்பதமுள்ள உணவுக்கு இரண்டு யாமம், அதாவது ஆறு மணி நேரம் எல்லை. காலத்துக்கேற்ப எல்லை மாறுவதைக் காண்கையில், இவ்விதி கூர்ந்து நோக்கியவர்களால் வகுக்கப்பட்டது என்பது விளங்கும்.

நெருப்பின் பணி என்ன என்பதிலும் இவ்வொழுக்கம் தெளிவானது. நீரை வடிகட்டிக் காய்ச்சுவதன் நோக்கம் சூடாகப் பருகுவதன்று. அதை உயிரற்ற தூய நீராக்குவதே. துறவியர் அதை ஆறிய பின்னரே பருகுகின்றனர். நெருப்பு உணவைத் தூய்மைப்படுத்தும் ஒரு படிநிலை. அப்படிநிலை முடிந்தபின் வெம்மை தங்கியிருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. அதேபோல், எல்லை கடந்த உணவை மீண்டும் கொதிக்க வைப்பதால் அது புதிய உணவாகிவிடுவதும் இல்லை. இன்றைய அறிவியலும் இதனோடு ஓரளவு ஒத்துப்போகிறது. சமைத்த சோறு வெளியில் நெடுநேரம் இருந்தால் அதில் பெருகும் சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. கடந்த நேரத்தைச் சூட்டினால் மீட்க முடியாது.

காலத்துக்கு அடுத்தது ஒளி. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் இயல் கொல்லாமை விரதத்தை உறுதிப்படுத்தும் ஐந்து பாவனைகளைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று 'ஆலோகித பான போஜனம்'. உண்பதையும் பருகுவதையும் ஒளியில் நன்கு பார்த்து உட்கொள்ளுதல். இரவு உண்ணாமைக்கு இதுவே வேர். புருஷார்த்த சித்தியுபாயம் இயற்றிய அமிர்தசந்திரர், விளக்கை ஏற்றி வைத்து உண்டாலும் உணவில் வந்து விழும் நுண்ணிய உயிர்களுக்கு நேரும் ஊறு எவ்வாறு நீங்கும் என்று வினவுகிறார். ஆக, ஓர் உணவு முறையானதா என்பதை அறியச் சமண மரபு எழுப்பும் வினாக்கள் மூன்று: எப்போது சமைத்தது? எப்பொழுதில் உண்பது? எவ்வுயிர்க்கேனும் ஊறு நேர்ந்ததா? சூடாக இருக்கிறதா என்பது இப்பட்டியலில் இல்லை.

ஆகார தானம் இதைச் செயலில் காட்டுகிறது. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என்னும் நான்கு தானங்களுள் முதலாவது அது. திகம்பர முனிவர் நாளுக்கு ஒருமுறை மட்டும், நின்றவாறே, இரு கைகளையும் சேர்த்துக் குவித்த பாத்திரத்தில் உணவேற்கிறார். உள்ளங்கை தாங்காத சூட்டில் எதையும் அளிக்க முடியாது. இல்லறத்தார் வாயிலில் நின்று வரவேற்று, அளித்து, அவர் உண்டு முடித்த பின்னரே தாம் உண்பர். அதற்குள் அடுப்படியில் உள்ளவை ஆறியிருக்கும். ஆயினும் அந்த இல்லத்தின் ஆண்டுக் கணக்கில் அதனினும் சிறந்த உணவு வேறொன்று இராது.

முதல் ஆகார தானத்தின் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. ஆதிபகவன் ரிஷபநாதர் ஓராண்டுக்கும் மேலாக உணவின்றி இருந்தபின், அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் அளித்த கரும்புச் சாற்றை ஏற்றார் என்பது சமண மரபு. அந்நாளே அட்சய திருதியை எனப் போற்றப்படுகிறது. அளிக்கும் முறை அறியாத உலகுக்கு அளிக்கும் முறையைக் கற்பித்த அந்த முதல் உணவில் அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை.

சூடு அளவுகோலான காலம்

அவ்வாறாயின், 'சூடாக இருந்தால்தான் சாப்பாடு' என்னும் எண்ணம் எப்போது வலுப்பெற்றது? அடுப்பு எளிதானபோது என்பதே விடை. மும்பையில் 1890ஆம் ஆண்டளவில் தொடங்கியதாகக் கூறப்படும் டப்பாவாலாக்களின் பணி, வீட்டில் சமைத்த உணவை நண்பகலில் அலுவலகத்துக்குக் கொண்டு சேர்த்தது. தொலைவில் இருப்பவருக்கும் வீட்டு உணவு என்னும் ஆசை அதில் வெளிப்பட்டது. 1950களின் இறுதியில் பிரஷர் குக்கர் இந்தியாவிலேயே உருவாகத் தொடங்கியது. 1965இல் இண்டேன் சமையல் எரிவாயு கொல்கத்தாவில் அறிமுகமாயிற்று. நகரங்களில் தொடங்கி மெல்ல மெல்லச் சிற்றூர்களுக்கும் எரிவாயு அடுப்பு பரவியது. திருகினால் தீ என்னும் வசதி வந்ததும், ஒருவேளைச் சுடுசோறு மூன்று வேளையாயிற்று.

பெண்களின் கண்ணையும் நெஞ்சையும் அரித்த புகை நீங்கியது பெரும் நன்மை. ஆனால் அதனோடு புதிய சுமையொன்றும் சேர்ந்தது. தோசையும் சப்பாத்தியும் கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வர வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு இல்லத்து வழக்கமாயிற்று. கணவன் வரும்போது ஒருமுறை, பிள்ளைகள் வரும்போது ஒருமுறை, மாமனார் கேட்கும்போது ஒருமுறை என அடுப்பு எரிகிறது. அனைவருக்கும் சூடாகப் பரிமாறியவள் கடைசியில் தனியே அமர்ந்து ஆறியதை உண்கிறாள். ஒரு வீட்டில் எல்லாருடைய தட்டும் சூடாக இருக்கிறது. ஒருத்தியின் தட்டு மட்டும் ஆறியிருக்கிறது. அதைக் குடும்ப உணவு என்று அழைப்பதற்கு முன் சற்று நிற்க வேண்டும்.

கதிரவன் மறையும் முன் உண்ணும் நோன்பு இங்கே தரும் பயன் பலரும் எண்ணிப் பாராதது. அந்நோன்பு சமைப்பவளையும் கட்டுப்படுத்துகிறது. அவளும் பொழுது சாய்வதற்குள் உண்டாக வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சுட்டுத் தர முனைந்தால் அவளுடைய விரதம் தவறும். ஆகவே அனைத்தையும் முன்னரே ஆக்கி இறக்கி வைத்து, எல்லாரும் ஒருங்கே அமர்வதே வழி. தோசை சற்று ஆறியிருக்கலாம். ஆனால் தாயும் பந்தியில் இருப்பாள். உயிர்களுக்காக வகுத்த நோன்பு, அதே பந்தியில் இல்லத்தரசிக்கும் இடம் அளிக்கிறது.

சூடு உரிமையாகும் இடம்

சூட்டை முற்றிலும் புறக்கணிப்பதும் நீதியன்று. சூடு என்னும் சொல் ஏழைக் குழந்தைகளின் உரிமையாகவும் நிலைபெற்றிருக்கிறது. தமிழகத்தில் காமராசர் 1956இல் பள்ளி மதிய உணவைத் தொடங்கினார், எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 முதல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். இந்தியாவின் பல மாநிலங்களில் 1995க்குப் பின் சமைத்த உணவுக்கு மாற்றாகத் தானியத்தையே மாணவருக்கு அளித்து வந்தனர். உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று, அரசுப் பள்ளிகளில் தானியத்துக்கு மாற்றாகச் சமைத்த உணவே அளிக்க வேண்டும் என ஆணையிட்டது. குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் கொண்ட உணவு, ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள் என அளவும் கூறியது. தமிழகத்தில் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டமும் உப்புமா, பொங்கல், கிச்சடி என அன்றன்று சமைத்ததையே அளிக்கிறது.

தானியத்துக்கும் சமைத்த சோற்றுக்கும் உள்ள வேறுபாடு வெம்மை மட்டுமன்று. தானியம் வீட்டுக்குச் சென்றால் குழந்தையின் பங்கு எவ்வளவு என்பது உறுதியில்லை. சமைத்த சோறோ, அக்குழந்தைக்காகவே ஒருவர் அன்று அடுப்பு மூட்டினார் என்பதற்குச் சான்று. பல வீட்டுப் பிள்ளைகள் ஒரே வரிசையில் அமர்ந்து அதை உண்கின்றனர். அங்கே சூடு என்பது அக்கறையின் அடையாளம். தாயின் மனம் மகனுடைய ஆறிய டப்பாவைக் கண்டு வருந்துவதும் இதனால்தான். அவள் தேடுவது வெம்மையை அன்று. தன் அக்கறை அவனைச் சென்றடைந்ததா என்பதையே.

பந்தியில் தேட வேண்டுவது

இவ்வரலாறு முழுவதையும் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகிறது. மரபுகள் சூட்டுக்குத் தந்த இடம் ஒன்றுபோல் இல்லை. மருத்துவ நூல் அதை முதலில் வைத்தது, வேறு நூல்கள் அதைக் குறிப்பிடவே இல்லை. சமைத்த காலம், உண்ணும் பொழுது, உடன் உண்போர், முன்னரே பெற வேண்டியவர் பெற்றனரா என்னும் கருத்துகளே மீண்டும் மீண்டும் முன்வைக்கப்பட்டன. சூடு இவற்றோடு சேர்ந்து வந்தால் மகிழ்ச்சி. இவற்றுக்கு மாற்றாக அது நிற்க இயலாது.

ஆகவே மாலை ஐந்தரை மணிக்கு அலுவலக மேசையில் டப்பாவைத் திறக்கும் மகன் குறையுணவு உண்பவன் அல்லன். காலையில் கட்டிய சோற்றுக்கு இரண்டு யாம எல்லை கடந்துவிடும் என்பதால், நெடுநேரம் தாங்கும் உலர்ந்த பண்டங்களையும் பழங்களையும் அவனுக்குக் கட்டித் தருவது சமையல் அறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் ஒருசேரப் பொருந்தும். அவன் இரவில் வீடு திரும்பும்போது அடுப்பை மீண்டும் மூட்ட வேண்டுவதில்லை. அருகில் அமர்ந்து அன்றைய நாளைப் பேசினால் போதும். விடுமுறை நாட்களிலேனும் கதிரவன் சாய்வதற்குள் அனைவரும், சமைத்தவளும் உட்பட, ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் வழக்கம் வேரூன்ற வேண்டும்.

தமிழில் 'ஆறுதல்' என்னும் சொல் வெம்மை தணிவதையும் குறிக்கும். மனம் அமைதி பெறுவதையும் குறிக்கும். பகல் ஒளியில், பகுத்து, ஒருங்கிருந்து உண்ணும் உணவு ஆறியிருந்தாலும் ஆறுதல் தரும்.